இருபதுக்குப் பத்து

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்தது.
எண்ணி முடியாத சரக்கு ரயிலொன்று
நிலக்கரியைத் தூவிக்கொண்டு போக,
லாரிகளுக்கு நடுவே பைக்கைச் சாய்த்துவிட்டு
தேசிங்கு அண்ணன் கடைக்குள் வந்தார்.
"கண்ணீர் அஞ்சலி. இருபதுக்குப் பத்து. நாலு போடு."
யாருண்ணே?
"கவுன்சிலரு."
அய்யோ, எப்போ?
"இன்னும் இல்ல."

ஸ்டான்லியில் மூணாவது மாடி,
எத்திராஜுலுவுக்கு மூக்கில் ஒன்று, வயிற்றில் ஒன்று குழாய்.
காலையில் சாத்துக்குடி வாங்கிப் போய்
கால்மாட்டில் நின்று அழுதுவிட்டு
அந்தக் கண்ணீர் காயுமுன்னே வந்திருக்கிறார்.
"தேதிய மட்டும் காலியா வுடு.
மிச்சத்த முடி."

மிச்சம் என்பது தேசிங்கு அண்ணன்.
இடது பக்கம் கும்பிடுகிறார்.
வலது பக்கம் செல்போனில் யாரையோ அதட்டுகிறார்.
நடுவில் வானம் பார்க்கிறார்,
வானத்தை நான் நெட்டில் எடுத்தேன், ஏதோ வெளிநாட்டு வானம்.
செத்தவர்,
அதாவது சாக இருப்பவர்,
மெழுகுவத்திக்குப் பக்கத்தில்
ரேஷன் கார்டு அளவில்.

கீழே தலைகள். தலைக்கு ஐந்நூறு.
ஐஸ் கம்பெனி பாவாடை, போட் சங்கத்து சிலுவைராஜ்,
ஜெயிலிலிருந்து வந்த வாரமே துட்டு கட்டிய குள்ள மாரி,
கூலிங் கிளாஸ் மாட்டிய தேசிங்கு பேரன்.
அதற்குப் பத்து மாசம்.
'வருங்காலமே' என்று கீழே போடச் சொன்னார்கள்.

ராத்திரி பத்தரைக்கு ஷட்டரைத் தட்டியது
கவுன்சிலர் சம்சாரம் வச்சலா அம்மா.
புடவையில் ஆஸ்பத்திரி வாடை, பையில் இரண்டு படம்.
"வட்டத்த பொம்பளைங்களுக்கு ஒதுக்கறாங்களாமே."
ஆமாம்மா, பேச்சு அடிபடுது.
"நெத்தியத் தொடச்சி ஒண்ணு பண்ணு.
தொடைக்காம ஒண்ணு.
எது ஓட்டு வாங்கும், நீயே சொல்லு,
எத்தினி எலெக்சன் பாத்தவன்."

ஒரே கிளிக்.
முப்பத்தோரு வருசத்துக் குங்குமம் போய்விட்டது.
திரைக்குப் பக்கத்தில் குனிந்து
தன் நெற்றியைத் தானே ரொம்ப நேரம் பார்த்தது.
"எடுப்பாத்தான் கீது" என்றது.
முன்பணம் நூறு ரூபாய்த் தாள்களாக.

ரெண்டு மணிக்குத் தெரியாத நம்பர்.
முதலில் மூச்சு மட்டும்,
பழைய மோட்டார் தண்ணி இழுக்கிற மாதிரி.
"நர்ஸு போன்டா. டிசைன அனுப்பு."
அண்ணே, எந்த டிசைன்?
"என்து."

அனுப்பினேன். இரண்டு கோடும் நீலமாயின.
அரை நிமிசம் ஒன்றுமில்லை.
"ஏண்டா, எம் மூஞ்சி இம்மாஞ்சோடு கீது?
அந்த வானத்த வெட்டு.
தேசிங்கு ஒருத்தன் போதும், மூணு எதுக்கு?
எனக்கு மீச கறுப்பா வரணும்."
சரிண்ணே.
"மனு தாக்கல் திங்கக்கெழமை.
தேதி ஞாயித்துக்கெழமைன்னு போடு.
அனுதாபம் ஆறிப்போச்சின்னா ஒருத்தன் சீண்டமாட்டான்."
போடறேண்ணே. ஆனா,
நீங்க பூட்டா யாரு நிக்கறது?
சிரிப்பா இருமலா, குழாய்க்குள் என்னவோ உருண்டது.
"இன்னாடா கேள்வி இது.
நான்தான்."

ஞாயிற்றுக்கிழமை என்று அடித்தேன்.
மீசைக்கே பாதிக் கறுப்பு மை போய்விட்டது.
மெஷின் முன்னும் பின்னும் ஓடி
ஒரு முகத்தை மோவாயிலிருந்து மேலே கட்டிக்கொண்டிருந்தது.

விடியற்காலை, அடுத்ததை ஓட்டுமுன் பார்க்கிறேன்,
பாவாடை இன்னும் துட்டு கட்டவில்லை.
அவன் தலையை எடுத்தேன்.
வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி ஓட்டை.

லைசென்சுக்கு எடுத்த என் படம் ஒன்று
டெஸ்க்டாப்பிலேயே கிடந்தது.
சும்மா அளவு பார்க்கத்தான் வைத்தேன்.
சின்னதாகத் தெரிந்தது, மூலையைப் பிடித்து இழுத்தேன்.
இன்னும் கொஞ்சம்.
பக்கத்துக் குழந்தையின் காது மறைந்தது.
அப்புறம் கன்னம்.

பேச்சு வராத குழந்தை,
யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது.